வியாழக்கிழமைப் பதிவு

பிப்ரவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம், என் இருமல் என்னைவிட நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? மின்னஞ்சலே ஆனாலும் முதலில் தேதி, பிறகு நலம், அதற்குப் பிறகுதான் விஷயம் என்பது அப்பா போட்ட சட்டம். சட்டம் முடிந்தது.

ஜனவரியில் இரண்டு வியாழக்கிழமை அப்பாவின் வலைப்பூவில் பதிவு வரவில்லை. லிப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இந்த ஆறு வருடத்தில் 'மேலும் கீழும்' ஒரு வியாழன்கூடத் தவறியதில்லை. அம்மா இறந்த வாரம்கூட அப்பா 'இந்த வாரம் பதிவு இல்லை' என்று ஒரு பதிவு போட்டார். போனில் கேட்டால் வழக்கம்போல, "நல்லா இருக்கேன். சாப்ட்டேன். வெச்சிடறேன்." பதினோரு விநாடி. அளந்திருக்கிறேன். நான் பள்ளிக்கூட விடுதியில் இருந்தபோதும் இதே பதினோரு விநாடிதான். மனிதர் வாய் திறப்பது வலைப்பூவில் மட்டும்.

விமான டிக்கெட் போட்டுவிட்டேன். மூன்றாவது வியாழன் பதிவு வந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். மொத்தம் நாலு வரி: 'நேற்று மழை. முட்டி வலி. லிப்ட் பற்றி அடுத்த வாரம். வணக்கம்.' உயிரோடு இருக்கிறார் என்று தெரிய இது போதும்.

என் நிலைமை உனக்குத் தெரியும். லிப்ட் பாதுகாப்பு ஆய்வாளர் பயிற்சி செப்டம்பர் முப்பது வரை. நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாவுக்காக வந்து ஒருமுறை தொடங்கியாயிற்று. மூன்றாவது முறை சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: இன்னொரு வியாழன் பதிவு வராவிட்டால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் இருமலுக்கு வெந்நீர் குடி.

கீபோர்டு கெட்டிருந்தது, அவ்வளவுதான். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். நேற்றுக் காலை இரண்டு முறை சாப்பிட்டார். திருட்டுப் பயம் அதிகமாகிவிட்டதால் வாசல் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறேன். உள்ளே இருந்து திறக்கவும் சாவி வேண்டும். நல்ல பூட்டு.

ஒரு சின்ன விஷயம். துணிக்கடை மேனேஜர் லிப்டில் மாட்டிக்கொண்ட கதையை அப்பா எழுதலாம் என்றிருக்கிறார். எனக்கு அது அரைகுறையாகத்தான் ஞாபகம். நீ ஒருமுறை முழுதாக எழுதி அனுப்பேன். சும்மா, ஆசையாக இருக்கிறது. முடிந்தால் புதன்கிழமைக்குள்.

பயிற்சியில் கவனமாக இரு. வியாழன் பற்றிக் கவலை வேண்டாம்.

என்றும்,
தம்பி

பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் போய்விட்டது. நீங்கள் நலம்தானே? நாலு நாள் தாமதம், மன்னித்துக்கொள். நீ ஏன் புதன்கிழமை கெடு வைத்தாய் என்று புரியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு லிப்ட் கதையில் என்ன அவசரம்?

கதை இதுதான். லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மேனேஜர் மட்டும். அப்பா மேலே இருந்து கூண்டுக் கூரையின் மூடியைத் திறந்து, "சார், அரை மணி ஆகும், உக்காந்துக்கங்க" என்றிருக்கிறார். அந்த ஆள், "நான் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?" என்று கத்தியிருக்கிறார். அப்பா நிதானமாக, "இங்கேருந்து பாத்தா வழுக்கை மட்டும்தான் சார் தெரியுது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாராம். வெளியே வந்த மேனேஜர் அன்றே ஒரு தொப்பி வாங்கிவிட்டார். கடையிலேயே, ஊழியர் தள்ளுபடியில்.

நீ சிரிப்பாய் என்று எழுதினேன். அப்பாவும் எழுதட்டும், அவர் எழுதினால் இன்னும் சுருக்கமாக இருக்கும். உள்ளிருந்து சாவி போட்டுத் திறக்கிற பூட்டு எதற்குடா? திருடன் உள்ளே இருக்கிறானா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, கடையில் வேலை.

மேனேஜர் பதிவை அறுபத்தொரு பேர் படித்திருக்கிறார்கள் பார்த்தாயா? வழக்கமாக இருபத்து மூன்று. ஒரு வலைப்பூ நடத்த என்ன பாடு என்று இப்போதுதான் தெரிகிறது. பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் அல்லவா, அதனால் சொல்கிறேன். வெள்ளி அன்று நிம்மதி. சனி அன்று அடுத்தது என்ன என்ற கேள்வி. ஞாயிறு எழுதி, திங்கள் அழித்து, செவ்வாய் 'இதுவும் ஒரு பிழைப்பா' என்று தோன்றி, புதன் எதையோ ஒப்பேற்றி, வியாழன் காலை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது படித்தார்களா என்று பார்த்து. அப்பா பாவம்.

இதில் 'மூன்றாம் மாடி' என்று ஓர் ஆள் வாரம் தவறாமல் பின்னூட்டத்தில் கேள்வி கேட்கிறான். 'ஐயா, கவர்னர் கயிறு தளர்ந்தால் என்ன செய்வீர்கள்?' என்று போன வாரம். யார் இவன்? வேலைவெட்டி இல்லாத கிழம் என்று நினைக்கிறேன். பதில் சொல்லாவிட்டால் விடுவதில்லை. கவர்னர் என்றால் என்ன என்று நீயே எழுதிவிடு. அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பார்க்கிறேன். இன்னும் மூன்று நாலு கதையும் அனுப்பு.

அப்பா இப்போது காலையில் என்னோடு கடைக்கு வருகிறார். கண் சோதனைப் பலகையில் வாடிக்கையாளர் வாசிப்பதற்கு முன்னால் அப்பா கடைசி வரிவரை உரக்க வாசித்துவிடுகிறார். அதைக் கேட்டு அப்படியே ஒப்பித்த மூன்று பேர் தப்பான கண்ணாடியோடு போய்விட்டார்கள். முதலாளி நல்லவர், பலகையைத் திருப்பி மாட்டியிருக்கிறார்.

என்றும்,
தம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அப்பா நலமா? 'இருவரும் நலம்' என்று கூட்டாக எழுதாமல் தனித்தனியாக எழுது.

அப்பா ஏன் கடைக்கு வருகிறார்? வீட்டில் தனியாக இருக்க என்ன?

கேட்ட கதைகளைத் தனியாக எழுதி இணைத்திருக்கிறேன், கவர்னருக்குப் படமும் போட்டிருக்கிறேன். லிப்ட் அளவுக்கு மீறி வேகமெடுத்தால் அதைப் பிடித்து நிறுத்த வைப்பது கவர்னர். இது தெரியாமலா இத்தனை வருடம் அந்த வீட்டில் சோறு தின்றாய்?

இன்னொன்று. அப்பாவின் எழுத்து மாறியிருக்கிறது. முப்பத்து நாலு வருடம் வேலைப் புத்தகத்தில் 'பார்த்தேன், முடித்தேன்' என்று மட்டும் எழுதியவர், போன வியாழன் 'மோட்டார் மெல்லிய சோகத்தோடு முனகியது' என்று எழுதியிருக்கிறார். மோட்டார் முனகினால் அப்பா எண்ணெய் விடுவார். சோகத்தை எப்போது கற்றுக்கொண்டார்?

ஆனால் நன்றாக இருக்கிறது. வயதாக ஆக மனம் இளகுகிறதோ என்னவோ. அந்த மூன்றாம் மாடிக்குப் பதில் சொல்வதை நிறுத்த வேண்டாம் என்று சொல். அந்த ஆள் காத்திருக்கக்கூடும்.

உடனே பதில் எழுது.

அன்புடன்,
அக்கா

மே 15

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை. ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் 'கடையில் இருக்கேன்க்கா, அப்பறம் பேசறேன்.' அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

நேற்றைய பதிவை வேலைத்தளத்தில் நின்றபடி படித்தேன். 'ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, லிப்ட் குழிக்குள் இறங்கினேன்' என்று இருந்தது. கீழே ஒரு பின்னூட்டம், பெயர் இல்லாமல். நீ பார்த்திருப்பாய், ஆனாலும் எழுதுகிறேன்:

'பெட்டிமேல் வைக்கக் கூடாது. கழற்றிய கட்டை உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வேறு ஒருவன் வந்து மாட்டிவிட்டால் உங்களை வழித்துத்தான் எடுக்க வேண்டும். எந்தக் கம்பெனி நீங்கள்? உங்களைக் குழிக்குள் விட்டது யார்? 34 வருடம் வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஒரு விபத்துகூட இல்லை.'

இதை எழுதியது அப்பா. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு சோகமும் இல்லை, ஒரு முனகலும் இல்லை, அப்பா.

அப்படியென்றால் பதிவை எழுதியது யார்?

டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அக்கா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பா உடம்புக்கு நலம். தனித்தனியாக எழுதச் சொன்னாய்.

டிசம்பரில் ஒருநாள் கீழே போனவர் திரும்பவில்லை. நாலு தெரு தள்ளி, ஓர் அடுக்குமாடியின் லிப்டுக்குள் மூன்று மணி நேரம் நின்றிருந்தார். நம் வீடு எந்த மாடி என்று மறந்துவிட்டதாம். நம் வீட்டுக்கு லிப்டே கிடையாது. டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் போகிறது, மெதுவாகத்தான் போகும், ஆனால் திரும்பாது என்றார். அந்தப் பதினோரு விநாடி மட்டும் போகவில்லை. அதனால்தான் உனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் இரண்டு வியாழன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "இது யாரோடது?" என்று கேட்டார். நீ டிக்கெட் போட்டதாகச் சொன்ன அன்று அந்த நாலு வரியை நான் எழுதினேன். உன் படிப்பு இரண்டாவது முறையும் போகக் கூடாது என்று நினைத்தேன். ஐந்தாவது வாரத்துக்கெல்லாம் கைவசம் மழையும் முட்டிவலியும் தவிர ஒன்றும் இல்லை. உன் கதைகளால்தான் ஓடியது.

வியாழன் காலை கடையில் அவருக்குப் பதிவைத் திறந்து கொடுப்பேன். தன்னுடையது என்று தெரியாது. வேறு யாரோ ஒரு மெக்கானிக் எழுதுவதாகப் படிப்பார். "நல்லா எழுதறான். ஆனா வேலை தெரியாதவன்" என்பார். இந்த வியாழன் நான் ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தபோது இவர் ஒற்றை விரலால் டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டார். நாற்பது நிமிடம். டிசம்பருக்குப் பிறகு அவர் எழுதிய முதல் வரிகள் அவை. "என்னப்பா பண்றீங்க?" என்றேன். "ஒருத்தன் சாகப் போறான், சும்மா இரு" என்றார்.

வராதே அக்கா. நாலரை மாதம்தான். நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

மே 31

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு வாரம் உன்னைத் திட்டி ஏழு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. இது எட்டாவது, திட்டு குறைவு.

முதலில் என் பங்கு. வேலைவெட்டி இல்லாத அந்தக் கிழம் நான்தான். முதல் வருடம் அப்பாவுக்கு ஒரு வாசகர்கூட இல்லை. நிறுத்திவிடுவாரோ என்ற பயத்தில் 'மூன்றாம் மாடி' என்று பெயர் வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஆக, ஜனவரியிலிருந்து லிப்ட் தெரியாத ஒருவன் தெரிந்தவனாக எழுத, தெரிந்த ஒருத்தி தெரியாதவளாகக் கேட்க, பதிலை அவன் என்னிடமே வாங்கி எனக்கே சொல்லியிருக்கிறான். உலகத்தில் வேறு வேலையே இல்லாத குடும்பம்.

வரத்தான் நினைத்தேன். ஆனால் போன இரண்டு வியாழனும் அப்பா பின்னூட்டம் போட்டிருக்கிறார். போன வாரம் ஐந்து வரி. தப்பு இருந்தால்தான் எழுதுகிறார்; சரியாக இருந்தால் படித்துவிட்டுப் போய்விடுவார். எனவே இனி நான் கதை தருகிறேன், வாரத்துக்கு ஒரு தப்பும் தருகிறேன். பாதுகாப்பு ஆய்வாளர் பயிற்சியில் இருந்துகொண்டு தப்புத் தயாரிக்கிறேன் என்று தெரிந்தால் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். யாரிடமும் சொல்லாதே.

நிபந்தனை ஒன்று. ஞாயிறுதோறும் உண்மை மட்டும் எழுதுவாய்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. அப்பா இப்போது தூங்குகிறார், காயம் ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறுவரை நான் எழுதியதெல்லாம் உண்மைதான். தப்புகள் நன்றாகவே ஓடின. நானூறு பேர் படிக்கிறார்கள், பாதிப் பேர் இந்த மெக்கானிக்கைப் பெரியவர் என்ன திட்டுகிறார் என்று பார்க்கவே வருகிறார்கள். அப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். பத்து நாளாக, "அவன் எந்த பில்டிங்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சிரித்து மழுப்பினேன்.

நேற்றைய பதிவில் மெக்கானிக், கதவு திறந்திருந்தாலும் லிப்ட் ஓடும்படி கதவுப் பூட்டைக் கம்பியால் கட்டிவிட்டு வேலை செய்ததாக எழுதியிருந்தோம். அப்பா படித்தார். பின்னூட்டம் போடவில்லை. நான் லென்ஸ் எடுக்க உள்ளே போன நேரத்தில் கடையை விட்டுப் போய்விட்டார்.

மாலைதான் கிடைத்தார். பெரிய சாலையில் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில். காவலாளியைத் தள்ளிவிட்டு லிப்ட் குழியின் விளிம்பில் மண்டியிட்டு, உள்ளே பார்த்து, "தம்பி, மேல வந்துடு! மேல வந்துடுப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே கதவுகூட இன்னும் பொருத்தவில்லை. ஏழு மாடி ஆழம். காவலாளி என்னிடம், "உள்ள யாருமில்லன்னு நூறு தடவ சொல்லிட்டேன் சார், அழுவறாரு" என்றார்.

இல்லாத ஒருவனைக் காப்பாற்றப் போய் இருக்கிற ஒருவர் விழுந்திருப்பார். இதை எழுதியது நான்.

தம்பி

ஜூலை 11

தம்பிக்கு,

எழுதியது நீ, தப்பைத் தந்தது நான். அந்தக் கம்பி என் கம்பி.

20ஆம் தேதி விமானம். டிக்கெட் போட்டாயிற்று. பயிற்சி போகட்டும், உலகத்தில் வேறு வேலை இல்லாமல் போகவில்லை. மேலதிகாரியிடம் திங்களன்று சொல்கிறேன்.

இந்த வியாழன் கடைசிப் பதிவு. மெக்கானிக் இந்த வேலையையே விட்டுவிடுகிறான் என்று எழுது. மேற்பார்வைக்கு ஆள் இல்லாத இடத்தில் இனி எந்தக் குழியிலும் இறங்க மாட்டேன், பெரியவருக்கு நன்றி, வணக்கம். அவ்வளவு போதும். அவன் பிழைத்துக்கொண்டான் என்று தெரிந்தால்தான் அப்பா தேடுவதை நிறுத்துவார்.

அதுவரை அவரைத் தனியே விடாதே.

அக்கா

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். இந்த முறை கூட்டாகவே எழுதலாம்.

நீ சொன்னபடி போட்டேன். அப்பா இரண்டு தடவை படித்தார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆயிற்று. இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்துவிட்டுப் போனார்கள். அவர் எழுதியது இது:

'வேலையை விட வேண்டாம். தப்பு எல்லாரும் செய்வதுதான், நீங்கள் கொஞ்சம் அதிகம். என் மகள் இதே வேலைக்குப் படிக்கிறாள். ஆய்வாளர். அம்மாவுக்காக ஒருமுறை பாதியில் விட்டாள், மறுபடியும் சேர்ந்தாள். செப்டம்பரில் முடியும். முடித்துவிட்டு வருவாள். அவள் வந்து உங்கள் இடத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு இறங்கலாம். அதுவரை மேலேயே இருங்கள். எழுதிக்கொண்டிருங்கள், நான் படிக்கிறேன்.'

கண் சோதனை நாற்காலியில் உட்கார்ந்து நானும் அதைப் படித்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஆசையில் கேட்டேன், "அப்பா, உங்க பொண்ணு என்ன படிக்கிறா?"

என்னை யாரோ கடைக்கு வந்த ஆள் மாதிரிப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுல போட்டிருக்கேனே. படிச்சுப் பாத்துக்கங்க."

டிக்கெட் விஷயம் உன் முடிவு. முதலாளி மதியம்வரை அப்பா பக்கத்தில் உட்கார ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம் என்கிறார். கடை வாசலில் மணி ஒன்றும் கட்டியிருக்கிறோம், கதவு திறந்தால் அடிக்கும்.

என்றும்,
தம்பி

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம்.

திங்களன்று மேலதிகாரி ஊரில் இல்லை. அதனால் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் போவதில்லை. டிக்கெட்டைத் திருப்பிவிட்டேன். என் வேலையில் எனக்கு மேலே எத்தனையோ பேர் உத்தரவு போடுகிறார்கள், இதுவரை ஒருவர் உத்தரவும் அப்பாவுடையதைப் போல இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

செப்டம்பர் முப்பதுக்குள் பத்து வியாழன் இருக்கிறது. அந்த மெக்கானிக் மேலேயேதான் இருக்க வேண்டும். குழி கிடையாது, கம்பி கிடையாது, தப்பு கிடையாது. பத்து வாரம் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவன் எதை எழுதுவான் என்று யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. நீயும் யோசி. ஒன்றும் இல்லாவிட்டால் மழை, முட்டிவலி.

அப்பாவைக் கேட்டதாகச் சொல். யார் கேட்டது என்றால், மகளைப் பற்றி அவர் எழுதியதை எடுத்து அவரிடமே கொடு.

அன்புடன்,
அக்கா